தகடு ஆறும்வரை

மூன்றாவது தடவையும் மோட்டார் நின்றபோது மில் முதலாளி யஹ்யாவுக்குப் பொறுமை போய்விட்டது.

கலேவெலயில் அறுவடைக் காலம். மில் வாசலில் நெல் வண்டிகள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. மழையில் நனைந்த நெல். முன்பு இரண்டு தடவையும் அந்த ஈரந்தான் மோட்டாரைத் திணறடித்தது.

அப்படி மோட்டாரை நிறுத்துவது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருந்த ஓவர்லோட். மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் உள்ளே மெல்லிய தகடுகள் சூடேறி வளையும், கரண்ட் அறுந்துவிடும்.

"அந்த ஓவர்லோட் திருகைக் கடைசி நம்பருக்குத் திருப்பி வைங்க. நிக்காம ஓடட்டும்," என்றார்.

மாத்தளையிலிருந்து வந்திருந்த எலக்ட்ரீஷியன் சுந்தரலிங்கம் அசையவில்லை. "மோட்டார் எரிஞ்சிரும், முதலாளி. அது தாங்குற அளவுக்குத்தான் வச்சிருக்கேன்."

யஹ்யா அவரை விலக்கிவிட்டுத் தானே ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார்.

எடுக்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அமுக்கினார். அப்போதும் எடுக்கவில்லை.

"தகடு ஆறணும். அதுவரைக்கும் என்ன செஞ்சாலும் எடுக்காது," என்றார் சுந்தரலிங்கம்.

காலையிலிருந்து காதை அடைத்த இரைச்சல் ஓய்ந்து, மில் முழுக்க அமைதியாக இருந்தது.

அந்த அமைதியில் ஒரு முனகல் கேட்டது.

நெல் குழிக்குள்ளிருந்து.

யஹ்யா ஓடினார். குழியில் நெல் தள்ளிவிடும் அழகம்மா தோள்வரை புதைந்து கிடந்தாள். கால் சறுக்கியிருக்கிறது. கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. அவரும் சுந்தரலிங்கமும் ஆளுக்கு ஒரு பக்கமாகக் கையாலேயே நெல்லை வாரி இறைத்தார்கள்.

இடுப்புவரை தெரிந்தும் அவளைத் தூக்க முடியவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த சேலைத் தலைப்பு, நெல்லை மேலே அள்ளிப் போகும் வாளிப் பட்டைக்குள் இழுபட்டு இறுகியிருந்தது.

இந்தத் தடவை மோட்டாரைத் திணறடித்தது ஈர நெல் அல்ல.

சுந்தரலிங்கம் கத்தியால் தலைப்பை அறுத்தார். அவளைத் தூக்கி மேலே உட்கார வைத்தார்கள்.

"அது மோட்டாரைக் காப்பாத்தத்தான் வச்சது, முதலாளி," என்றார் மெதுவாக. "ஆள் இருக்கிறது அதுக்குத் தெரியாது."

யஹ்யா திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். நகத்தின் அகலங்கூட இல்லாத மூன்று தகடுகள். "யா அல்லாஹ்" என்றார்.

யாரோ கொடுத்த தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, அழகம்மா அவரை நோக்கிக் கும்பிட்டாள்.

"நல்ல நேரம் நீங்க மிஷினை நிப்பாட்டினீங்க, முதலாளி."

பட்டனை இரண்டு தடவை அமுக்கிய கையை யஹ்யா முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.