நான்காவது அட்டை

வெள்ளவத்தை பார்மசியின் கண்ணாடி மேசையில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. வெளியே காலி நகருக்கு நீளும் வீதியில் பஸ் போகும்போதெல்லாம் கண்ணாடி அதிர, வெயிலும் நடுங்குகிறது. மருந்து கொடுக்கும் பெண்ணின் கத்தரிக்கோல் இரண்டாவது குளிசை அட்டையின் நடுவில் அப்படியே நிற்கிறது. "பதினைஞ்சு போதும், பிள்ளை. இப்ப எனக்கு நல்ல சுகம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலே காணும்" என்கிறார் தியாகராசா. இன்சூரன்ஸ் கம்பனியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்த மனிதர். இதயத்துக்கான இந்தப் புதுக் குளிசையின் விலை அவருக்குத் தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை. "வெட்டாதேங்கோ பிள்ளை" என்றபடி அவர் மனைவி நேசமலர் கைப்பையிலிருந்து நாட்காட்டித் தாள்களை எடுத்து மேசையில் விரிக்கிறாள். தினமும் விடிந்ததும் கணவரைத் தராசில் ஏற்றி அவள் எழுதிய நிறை, ஒவ்வொரு கட்டத்திலும் நீல மையில் இருக்கிறது. ஜனவரியில் உடம்பில் நீர் கோத்து எண்கள் ஏறிக்கொண்டே போய், கடைசி நாலு கட்டங்களில் சிவப்பு வட்டம். பெப்ரவரியில் குளிசை தொடங்கியபின் சிவப்பே இல்லை. "அந்த நாலு நாள் ஆஸ்பத்திரியில படுத்ததுக்குக் கட்டின காசில, ஒரு வருஷத்துக்கு முழுசாக் குளிசை வாங்கலாம். கணக்குக்காரர் நீங்கள்தானே, பாருங்கோ." அவள் குரலில் கெஞ்சல் இல்லை. தியாகராசா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். பிறகு குனிந்து, ஜனவரியில் வீங்கிய கால் நுழையாமல் கிடந்த தன் தோல் சப்பாத்தைப் பார்க்கிறார். இன்று அதன் கயிறு இறுக்கமாகக் கட்டியிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். "முப்பத்தொண்டு தாங்கோ, பிள்ளை. மே மாசத்துக்கு முப்பத்தொரு நாள்." கத்தரிக்கோல் நகர்ந்து, நான்காவது அட்டையிலிருந்து ஒற்றைக் குளிசையை வெட்டி எடுக்கிறது.