குதிரை மருந்து

பாம்புக்கடிக்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து முதல்முறை உயிரைக் காக்கும். பின்னொரு நாள் மறுபடி போட்டால், சிலருக்கு உடம்பெல்லாம் அரித்து மூச்சடைத்துவிடும். ஏன் என்பதுதான் ஓமலூர் டாக்டர் நாச்சிமுத்துவின் வாழ்நாள் ஆராய்ச்சி.

பாம்பு கடித்த சின்னுசாமியை மனைவி பாப்பாயி மாட்டுவண்டியில் கொண்டுவந்தாள்.

"இதுக்கு முன்னால பாம்பு கடிச்சு ஊசி போட்டதுண்டா?"

"இல்லவே இல்லீங்க, சாமி!"

டாக்டர் நிம்மதியாக ஊசியைப் போட்டார்.

பாப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிப் பயமில்லீங்க. போன வருசமும் இதே ஊசிதானுங்க காப்பாத்துச்சு."

டாக்டர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "இல்லைன்னு சொன்னீங்களேம்மா!"

"மருந்து உள்ள போறதுக்கு முன்னால பழைய கடியைப் பேசுனா, அந்த விஷமும் சேர்ந்து ஏறிப்போகுமுங்களே!"

சின்னுசாமி கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார்.