நான் செய்திருக்க வேண்டியது

கீழே அரங்கில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. பேராசிரியர் ஞானசிகாமணிக்கு அஞ்சலிக் கூட்டம். காலையிலிருந்து மூன்று ஆபரேஷன் முடித்திருந்த பொற்கொடிக்கு யாரையும் புகழ்ந்து பேசத் தெம்பில்லை. பதினோரு நாளாகத் திறக்காத நோட்டை மடியில் வைத்துக்கொண்டு டியூட்டி அறையில் உட்கார்ந்திருந்தாள்.

அவரிடம் அறுவை சிகிச்சை கற்ற எல்லோரிடமும் அப்படி ஒரு நோட்டு உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்ட மூன்று கட்டங்கள்: தன் கையில் இறந்தவரின் பெயர், வயது, கடைசிக் கட்டத்தில் 'நான் செய்திருக்க வேண்டியது'. அவருடைய ஆராய்ச்சிகள் எல்லாம் அந்த நோட்டுகளிலிருந்து வந்தவைதான். 'நோயாளி தாமதமாக வந்தார்' என்று யார் எழுதினாலும் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

"லேட்டாத்தாம்மா வருவாங்க. நீ என்ன செய்யாம விட்டே, அதை எழுது."

அவருக்கே வயிற்றைத் திறக்க வேண்டி வந்தபோது, பொற்கொடிதான் செய்ய வேண்டும் என்றார். அன்று காலை அவளுடைய நோட்டைக் கேட்டு வாங்கி, சற்று நேரம் வைத்திருந்து, மூடித் திருப்பிக் கொடுத்தார். ஆபரேஷன் மேசையிலேயே இறந்துபோனார்.

"மேடம், அடுத்து நீங்கதான் பேசணும்," என்று வாசலில் நின்று சொன்னாள் நர்ஸ்.

"வர்றேன் சிஸ்டர்."

நோட்டைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து. ஞானசிகாமணி, அறுபத்தெட்டு. மூன்றாவது கட்டத்தில், 'நோயாளி தாமதமாக வந்தார்.'

சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து அந்த வரியை அடித்தாள். அதன் கீழே 'நான்' என்று எழுதினாள்.