மூன்றாம் தரம்

ஏலக்கூடத்து மேஜையில் இருந்த கிராமபோன் பெட்டிக்குக் கைகால் இல்லாமலே உதறல் எடுத்தது.

"பாடித் தொலைக்காதே!" என்று தலைமேல் இருந்த பித்தளைக் குழல் அதட்டியது. "பாடினால் வாங்கிப்போய் ஸ்பிரிங் அறுகிறவரைக்கும் ஓட்டுவார்கள்."

ஏலக்காரர் சாவி கொடுத்து, இசைத்தட்டில் முள்ளை வைத்தார். பெட்டி மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"பெட்டி போச்சுங்க," என்று முள்ளைத் தூக்கிவிட்டார். "குழலைப் பாருங்க, தங்கமாட்டம் மின்னுது!"

"குழல் மட்டும் போதும். கவுத்து விளக்கு மாட்டிக்கறேன்," என்றார் ஓட்டல்காரர் ஒருவர். "பெட்டியை அடுப்புல போடுங்க."

"ஒரு தரம்!"

"ஐயோ, பாடித் தொலையேன்!" என்று குழல் அலறியது.

"ரெண்டு தரம்!"

பெட்டி பதறியடித்துக்கொண்டு தட்டைச் சுழற்றியது. முள்தான் மேலே இருந்தது. இசைத்தட்டு சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்க, சுத்தியல் விழுந்தது.