துப்பாக்கி கேட்ட செல்வம்

தாராவியில் நசீரின் தோல் பட்டறையைப் போன வருடம் கொளுத்தியதாக வழக்கில் மாட்டி, ஜாமீனில் வெளியே வந்திருந்த செல்வம், துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டிருந்தான். எதற்காக என்ற கட்டத்தில் 'தற்காப்பு' என்று எழுதியிருந்தான்.

லைசென்ஸ் ஆபீஸ் ஹெட் கிளார்க் அனந்தநாராயணனுக்குச் சிரிப்பு வந்தது. தீ வைத்ததைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி நசீர். அடுத்த மாதம் கோர்ட்டில் வாய் திறக்கப் போகிறவர். துப்பாக்கி யாருக்காக என்று புரிந்துகொள்ள ஐ.பி.எஸ். படிக்க வேண்டியதில்லை, மாட்டுங்காவில் பிறந்து முப்பத்தாறு வருடம் பைல் புரட்டினால் போதும்.

ஆனால் வழக்கு நடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மறுத்தால், அப்பீலில் வாங்கிவிடுவான். முன்பு ஒருவன் அப்படி வாங்கிக்கொண்டு, ஆபீசுக்கே வந்து லட்டு கொடுத்துவிட்டுப் போனான். அந்த அவமானம் அனந்தநாராயணனுக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போதுதான் போலீஸ் விசாரணையில் கிடைத்த, செல்வம் பெயரிலான ஆஸ்பத்திரி ரெக்கார்டு வந்து சேர்ந்தது. எட்டு வருடமாக மனநோய்க்குச் சிகிச்சை. காதில் குரல் கேட்கிறதாம். செய்வது இன்னதென்று தெரியாதாம். அவருக்கு வாயெல்லாம் பல்.

செல்வத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அது எங்கப்பா பைலு சார்," என்றான் செல்வம் பதறாமல். "எங்க ஊர்ல பேரனுக்குத் தாத்தா பேரைத்தான் வைப்பாவ. தாத்தா செல்வம், அப்பா பிரம்மநாயகம், நான் மறுபடி செல்வம். இங்க ஃபாரத்துல சர்நேம் கேக்காம்லா? எங்கப்பா பிரம்மநாயகம் செல்வம், நான் செல்வம் பிரம்மநாயகம். ஆஸ்பத்திரிக்காரன் ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டான்."

"நன்னாருக்கு. அப்பாவை அழைச்சுண்டு வாங்கோ."

"அவிய போன வருசம் தவறிட்டாவ."

"சௌகரியமாப் போச்சு. இருக்கறவா வியாதியெல்லாம் செத்தவா தலையில கட்டிடலாம்."

பைலில் வயது எழுத வேண்டிய கட்டம் வழக்கம்போல காலி. ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் போட்டால் உண்மை தெரிந்துவிடும். உண்மை தெரிந்தால் துப்பாக்கி கொடுக்க வேண்டியிருக்கும். நசீருக்கு மூன்று பெண் குழந்தைகள் வேறு. அனந்தநாராயணன் கடிதம் போடவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பிலேயே அவருக்கு மனசு குளிர்ந்தது.

செல்வம் கெஞ்சவில்லை. தலையைச் சொறிந்தான்.

"சரி சார். முடியாதுன்னா காரணத்தை எழுதிக் குடுத்துருங்க. சட்டப்படி குடுக்கணும்னு சொல்லுதாவ."

"தாராளமா. வாங்கிண்டு போய் ஃபிரேம் போட்டு மாட்டிக்கோங்கோ."

அப்பீலுக்கு இடம் வைக்காமல் எழுதினார். 'மனுதாரர் எட்டு ஆண்டுகளாகக் கடுமையான மனநோயால் பாதிக்கப்பட்டவர். தான் செய்வது இன்னதென்று அறியாதவர்.' பெரிய அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, சீல் குத்தி, ரெக்கார்டைப் பரிசீலித்தவர் என்று தன் பெயரையும் போட்டுக்கொண்டார்.

செல்வம் அதை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்து, மடக்காமல் பையில் வைத்துக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அன்று மாலை கிங்ஸ் சர்க்கிளில் அனந்தநாராயணன் வழக்கத்துக்கு மாறாக இரண்டு காபி குடித்தார்.

பத்தாம் நாள் அவருக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது: பட்டறைக்குத் தீ வைத்தபோது செல்வத்துக்குப் புத்தி சுவாதீனத்தில் இல்லை என்பதற்கு, அவன் தரப்பின் முதல் சாட்சி அவர்தான்.