அவள் மேசைப் பக்கம்

ஜெபம் முடிகிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் அந்த வகுப்பில் நாற்காலிகள் கிறீச்சிட்டு அடங்குகின்றன. சுவரில், சிலுவையில் தொங்குபவரின் முழங்காலில் வெள்ளைப் பூச்சு உதிர்ந்து பழுப்பு மரம் தெரிகிறது. பேராசிரியரான பாதர் பலகையில் ‘இனமும் நிறமும்’ என்று எழுதுகிறார். அவ்வளவுதான், எல்லாத் தலைகளும் சொல்லிவைத்தாற்போல ஜன்னலோர மேசைக்குத் திரும்புகின்றன. வெள்ளையர் நிறைந்த வகுப்பில் கறுப்பினத்தவள், அங்கே உட்கார்ந்திருக்கும் அவள் ஒருத்திதான். பாதரின் கண்ணும் அங்கேதான் போய் நிற்கிறது. நல்ல மனுஷர்; குரலைக் குழைத்துக்கொள்கிறார். “நீ சொல்லும்மா. உன் அனுபவத்த நாங்க கேக்கணும்.” அறை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்க்கிறது. அவள் மடியில் புத்தகம் பிரிக்காத புதுமணத்தோடு கிடக்கிறது. “பாதர், நேத்து பூரா பல்லு வலி. நான் பாடத்தப் படிக்கவே இல்ல. மத்தவங்களத் திட்டுற மாதிரி என்னையும் திட்டிடுங்களேன்.” யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். பாதரின் காதுமடல் சிவக்கிறது. சாக்பீஸை உருட்டியபடி முதல் வரிசையில் இருக்கும் வெள்ளைக்காரப் பையனைப் பார்க்கிறார். “சரி, நீ சொல்லுப்பா. உன் நிறம் உனக்கு என்ன செஞ்சிருக்கு?” “எனக்கா?” என்கிறான் அவன். தலைகள் இப்போது அவன் பக்கம் திரும்புகின்றன. மேசைமேல் இருந்த கைகளை அவன் மெல்ல இழுத்து மடியில் ஒளித்துக்கொள்கிறான். அவள் மட்டும் திரும்பவில்லை. குனிந்து புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரிக்கிறாள்.