தனிப் படுக்கை

"என் பொண்டாட்டி என் பக்கத்துல படுக்கிறதில்லை, டாக்டரம்மா. மூணு மாசம் ஆச்சு."

பூட்டுக்காரர் இதைச் சொன்னபோது அறைக்கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதே பெஞ்சின் ஓரத்தில்தான் அவரோடு வந்த மனைவியும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கதவைச் சாத்திடலாமா?" என்றார் தோல் டாக்டர்.

"திறந்தே இருக்கட்டும். நான் என்ன திருடிட்டா வந்திருக்கேன்?"

டாக்டர் அவருடைய முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் செதில் செதிலாக உரிந்து, அடியில் சிவந்திருந்தது.

"நான் கேட்டது, மருந்து ஒழுங்காத் தடவுறீங்களான்னு."

"எட்டு வருஷமாத் தடவுறேன். தோலுக்கு மருந்து தர்றீங்க, சரி. மனசுக்கு?"

"அதுக்குத்தான் போன தடவையே மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். போனீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியம்னு யார் சொன்னா? சொரியாசிஸ் வந்தவங்கள்ல நிறைய பேருக்கு மனசும் சேர்ந்து சோர்ந்துபோகும். மனசு சோர்ந்தா தோல் இன்னும் மோசமாகும். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை மட்டும் பார்க்க முடியாது."

"எனக்குச் சோர்வெல்லாம் கிடையாது. கோபம்தான்." பூட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடைக்கு வர்றவன் சாவியை என் கையிலேர்ந்து வாங்க மாட்டேங்கிறான். 'மேஜை மேல வைங்க'ங்கிறான். அவன் யாரோ எவனோ, தொலையட்டும். அடுத்த தடவை சாவியைத் தொலைச்சுட்டு வீட்டு வாசல்ல நின்னு முழிப்பான்ல, அப்பப் பார்த்துக்கிறேன். ஆனா இவ? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவ. ஒரு நாள் தலையணையைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போனவதான். ஏன்னு ஒரு வார்த்தை இல்லை."

"நீங்க கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேட்கணும்? போனவ சொல்லட்டும்!"

வெளியே ஒரு பெரியவர் கிசுகிசுத்தார். "ஒட்டுற வியாதியோ?"

"ஒட்டாதுங்க, எனக்கும் இதேதான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். "பாவம் மனுஷன். கட்டினவளே ஒதுக்கினா எங்கே போவாரு?"

பூட்டுக்காரரின் மனைவிக்குப் பக்கத்தில் இருந்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

உள்ளே பூட்டுக்காரரின் குரல் இன்னும் ஏறியது. "முடிவு பண்ணிட்டேன். இன்னியிலேர்ந்து எனக்குப் படுக்கை கடையிலதான். கட்டில் போட்டாச்சு. இனி அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். அவ நிம்மதியாக் காலை நீட்டிப் படுக்கட்டும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நீங்க உள்ள வாங்க."

மனைவி வந்து நின்றாள். பூட்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இவர் சொல்றது உண்மையாம்மா?"

"உண்மைதான்."

"பார்த்தீங்களா! அவ வாயாலேயே வந்துடுச்சு!"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் டாக்டர். "அம்மா, இது ஒட்டாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? எட்டு வருஷமா இவர் முதுகுக்கு மருந்து தடவுறது நான்தானே. இவர் கை அங்கே எட்டுமா?"

"தடவுவா, தடவுவா. தடவி முடிச்சதும் ஹாலுக்கு ஓடிடுவா."

"அப்புறம் ஏம்மா தனியாப் படுக்கிறீங்க?"

அவள் கணவரைப் பார்த்தாள். "இவர் முன்னாடி வேண்டாம் டாக்டர். கோவிச்சுக்குவாரு."

"இனிமே கோவிச்சுக்க என்ன பாக்கி இருக்கு? சொல்லு. வெளியே இருக்கிறவங்களும் கேட்கட்டும்!"

"நான் பக்கத்துல படுத்தா இவர் சொறியவே மாட்டாரு டாக்டர். சத்தத்துல நான் முழிச்சுக்குவேனாம். ரெண்டு கையையும் முதுகுக்குக் கீழே வச்சு அழுத்திக்கிட்டு விடிய விடியக் கிடப்பாரு. நானும் தூங்குற மாதிரியே கிடப்பேன்."

பூட்டுக்காரர் ஜன்னலிலிருந்து மெல்லத் திரும்பினார்.

"விஷயத்தைச் சொன்னா விடமாட்டாரு. 'எனக்கு ஒண்ணும் அரிக்கலை, நீ வா'ன்னு கூட்டிட்டுப் போய் மறுபடியும் முழிச்சுக் கிடப்பாரு. அதான் சொல்லலை. அன்னிக்குத் தலையணையை எடுத்துட்டு ஹாலுக்கு வந்தேன். கொஞ்ச நேரத்துல உள்ளேருந்து சொறியுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், எத்தனையோ மாசத்துக்கப்புறம், இவரோட குறட்டை. அதைக் கேட்டுக்கிட்டே நானும் தூங்கிட்டேன் டாக்டர்."